ரிக்லி ஃபீல்டைச் சுற்றி எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது?

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் 1:20-க்குத் தொடங்கும் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். அப்பா அம்மா சுத்த சைவம். 14 வயது மகன் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான். உங்களுக்கு நல்ல பியர் ஒன்று போதும். இதைச் சொல்லிவிட்டு, “சிகாகோ ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில் சாப்பிட நல்ல ஹோட்டல் எது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு பெயர்களை எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஆட்ட நாளில் அந்த நான்கு வாசலிலும் வரிசை நிற்கும். உங்கள் அம்மா வெயிலில் நிற்பார்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, 40,000 பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கும் ஒரு குடியிருப்புப் பகுதியில் எந்த நேரத்துக்கு எந்தத் திசையில் நடந்தால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது. அதைச் சொல்கிறேன், பெயர்கள் தானாக வந்துவிடும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான அமெரிக்க மைதானங்களைச் சுற்றிக் கடல்போல் வாகன நிறுத்தம்தான் இருக்கும். ரிக்லி ஃபீல்ட் அப்படியில்லை. அடிசன், கிளார்க், வேவ்லண்ட், ஷெஃபீல்ட் என்ற நான்கு தெருக்களுக்கு நடுவே, வீடுகளும் கடைகளும் ஒட்டிக்கொண்டிருக்க, 1914-லிருந்து அதே இடத்தில் நிற்கிறது. அதைக் கட்டியவர் சார்லஸ் வீக்மன், நகரின் மையத்தில் அவசரச் சாப்பாட்டுக் கடைகள் நடத்திப் பணம் சேர்த்தவர். பேஸ்பாலில் நிரந்தர உணவுக் கடைகளை மைதானத்துக்குள்ளேயே முதலில் அமைத்தது அவர்தான் என்று சொல்லுவார்கள். கூடை சுமந்து விற்பவர்கள் குறுக்கே வந்து ஆட்டத்தை மறைக்கிறார்கள் என்று ரசிகர்கள் முணுமுணுத்ததால் செய்தாராம். இதைக் கதையாக எடுத்துக்கொள்ளுங்கள், அவர் சாப்பாட்டுக் கடைக்காரர் என்பது மட்டும் உறுதி. பிறகு மைதானம் ரிக்லி என்ற சூயிங் கம் முதலாளியின் பெயருக்குப் போனது. ஆக, கட்டியவர் சோறு போட்டவர், பெயர் வைத்துக்கொண்டவர் மெல்லக் கொடுத்தவர். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கப் பொருத்தமான இடம்தான்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். 1988 ஆகஸ்ட் 8 வரைக்கும் இந்த மைதானத்தில் விளக்குகளே கிடையாது. எல்லா ஆட்டமும் பகலில்தான். அன்று விளக்குப் போட்டு ஆரம்பித்த முதல் ஆட்டத்தை மழை கெடுத்துவிட, மறுநாள்தான் ஓர் இரவு ஆட்டம் முழுதாக முடிந்தது. இன்றைக்கும் இரவு ஆட்டங்களுக்கு நகராட்சியின் கட்டுப்பாடு உண்டு. வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் பகலில் வருவது அதனால்தான். விளைவு என்னவென்றால், இந்தத் தெருக்களில் குடிப்பது ஒரு பகல் வேலை. பார்கள் காலையிலேயே திறந்துவிடும், பதினொரு மணிக்கே கிளார்க் தெருவில் நீலச் சட்டைக் கூட்டம் பியரோடு நிற்கும். நீங்கள் பன்னிரண்டரைக்கு வந்து “எங்கேயாவது சாப்பிட்டுவிட்டு உள்ளே போவோம்” என்று நினைத்தால் காரியம் கெட்டது. ஒன்று, பத்து பத்தரைக்கே அங்கே வந்து உட்கார வேண்டும். அல்லது சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அல்லது உள்ளே கொறித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தபின் நிதானமாகச் சாப்பிட வேண்டும். வயதானவர்களோடு போகும்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்வதே உத்தமம் என்பது என் கட்சி.

தூரத்தைக் கணக்கிடுவதற்கு ஒரு வழி இருக்கிறது, இது தெரிந்தால் எந்தச் செயலியும் வேண்டாம். சிகாகோவின் கதவெண்கள் எல்லாம் நகர மையத்தில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் மூலையிலிருந்து எண்ணப்படுபவை. 800 எண் என்றால் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர்; சாதாரண நடைக்கு இருபது நிமிடம். அடிசன் தெரு வடக்கு 3600. மைதானத்தின் முகவரி மேற்கு 1060 அடிசன். பெல்மான்ட் தெரு வடக்கு 3200, ஆகவே தெற்கே அரை மைல். இர்விங் பார்க் தெரு வடக்கு 4000, வடக்கே அரை மைல். ஹால்ஸ்டெட் தெரு மேற்கு 800, சவுத்போர்ட் மேற்கு 1400. இனி யாராவது “வடக்கு 3411 ஹால்ஸ்டெட்” என்றால், தெற்கே 189, கிழக்கே 260, கூட்டினால் 449. அரை மைலுக்குக் கொஞ்சம் மேல், பன்னிரண்டு நிமிட நடை என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். கிளார்க் தெரு மட்டும் குறுக்காக ஓடும், அதற்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

அந்த 3411 ஹால்ஸ்டெட்டைச் சும்மா எடுத்துச் சொல்லவில்லை. அங்கேதான் ‘தி சிகாகோ டைனர்’ இருக்கிறது. 1983-லிருந்து இறைச்சியே சமைக்காத உணவகம். உங்கள் அப்பா அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நடக்கும் தூரத்தில் இல்லை. ஆனால் இட்லி சாம்பார் மாதிரியான சைவம் என்று எதிர்பார்த்துக் கூட்டிப்போகாதீர்கள். இது அமெரிக்க டைனர் சாப்பாட்டின் சைவ வடிவம்: பர்கர், சாண்ட்விச், பொரித்த உருளைக்கிழங்கு, மில்க்‌ஷேக். அவர்களுடைய பேர்போன ‘ராடிக்கல் ரூபன்’ சாண்ட்விச்சில் இறைச்சிக்குப் பதிலாக சைட்டான் இருக்கும். கோதுமை மாவைக் கழுவி மாச்சத்தை நீக்கி எடுத்த புரதம் அது. கடிக்கும்போது இறைச்சி போலவே இருப்பதால் பழக்கமில்லாத பெரியவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். தட்டு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முட்டை, பால் வேண்டாம் என்றால் கேட்டால் அப்படியே தருவார்கள். மில்க்‌ஷேக் பால் கலக்காமலும் கிடைக்கும், அதை மட்டும் யாரும் விடக்கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் திறந்தவுடன் போய் உட்கார்ந்தால், முடித்துவிட்டு நடந்தே மைதானத்துக்கு வந்துவிடலாம்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாமா என்பது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கொண்டுபோகலாம். ரிக்லி ஃபீல்டில் அவரவர் சாப்பிடும் அளவுக்கான உணவை அனுமதிக்கிறார்கள். சீல் உடைக்காத, 1 லிட்டருக்கு மேற்படாத பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் சரி. கண்ணாடி, டின், மது, கெட்டியான குளிர்ப்பெட்டி கூடாது. பை 16 அங்குலத்துக்கு 16 அங்குலம், 8 அங்குல ஆழம் என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். எவர்சில்வர் டிபன் பாக்ஸையும் ஃப்ளாஸ்க்கையும் தங்கும் அறையிலேயே விட்டுவிடுங்கள். சோதனை வாயிலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும், தூக்கிப் போடச் சொன்னால் மனசு வலிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா அல்லது ஜிப் பை போதும். தயிர்சாதம் வேண்டாம். ஜூலை வெயிலில், பனிக்கட்டி இல்லாமல், நான்கு மணி நேரம் தாங்காது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், சப்பாத்திச் சுருள் தாங்கும். ஓட்டல் அறையில் சமைக்க வழியில்லை என்றால் முந்தின நாளே டெவான் தெருவுக்குப் போய் வாங்கி வையுங்கள். வடக்கு 6400-ல், வெஸ்டர்ன் தெருவை ஒட்டிய பகுதி முழுக்க இந்திய, பாகிஸ்தானியக் கடைகள்தான், தென்னிந்தியச் சைவமும் கிடைக்கும். சிவப்பு வழித்தட ரயிலில் லயோலா நிலையம் போய் 155-ஆம் எண் பேருந்து பிடிக்கலாம். ஆட்ட நாளன்று காலையில் இதைச் செய்ய முயலாதீர்கள். மைதானத்திலிருந்து ஐந்து மைலுக்கு மேல், போய்வரவே நேரம் போய்விடும். பழம், ரொட்டி, தண்ணீர் மட்டும் போதுமென்றால் வடக்கு 3630 சவுத்போர்ட்டில் ஜுவல் ஆஸ்கோ சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, மைதானத்திலிருந்து ஒன்பது பத்து நிமிட நடை. வேர்க்கடலையைத் தெருவிலேயே வாங்குங்கள். மைதானத்தை ஒட்டிய நடைபாதையில் விற்கக் கூடாதென்று நகராட்சி விதி இருப்பதால், விற்பவர்கள் தெருவுக்கு எதிர்ப்புறம் நிற்பார்கள். உள்ளே இருப்பதைவிட விலை நிச்சயம் குறைவு. தோலோடு வறுத்த கடலை. தோலை உரித்துக் காலடியிலேயே போடுவதுதான் வழக்கம், யாரும் முறைக்க மாட்டார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். உள்ளே போனபின் வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மறுபடி விடமாட்டார்கள். “அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வருகிறேன்” என்று வெளியே ஓட முடியாது.

உள்ளே சைவர்களுக்கு என்ன கிடைக்கும்? பாப்கார்ன், மென்மையான பெரிய பிரெட்சல், சீஸ் பிட்ஸா, நாச்சோஸ், ஐஸ்கிரீம். பொரித்த உருளைக்கிழங்கு சைவம் போலத் தெரிந்தாலும் கோழித்துண்டு பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பது உலக வழக்கம். ஆசாரமானவர்கள் என்றால் தவிர்த்துவிடுங்கள். நாச்சோஸ் வாங்கினால் மேலே இறைச்சி வேண்டாமென்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாமல் “மாமிசம், கோழி, மீன் எதுவும் வேண்டாம்” என்று பிரித்துச் சொல்வது அமெரிக்காவில் எங்கேயும் நல்லது. மெக்சிகன் கடைகளில் அவரையை மசிக்கப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிராக்கர் ஜாக் என்று ஒரு பெட்டி விற்பார்கள். பாப்கார்னும் வேர்க்கடலையும் வெல்லப்பாகு போன்ற பாகில் புரட்டியது, கடலை மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. அது இதே சிகாகோவில், ருக்ஹைம் சகோதரர்கள் 1896-ல் பெயர் பதிந்து விற்ற சரக்கு. பெரியவர்களுக்குப் பிடித்துவிடும். ஃப்ராஸ்டி மால்ட் என்று கூவிக்கொண்டு ஒருவர் படியேறி வருவார். சாக்லேட் மால்ட்டைக் காகிதக் கப்பில் உறையவைத்தது, கூடவே ஒரு தட்டை மரக்கரண்டி. வாங்கியவுடன் குத்தினால் கரண்டிதான் உடையும். கையில் வைத்துக்கொண்டு அரை இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) பொறுங்கள், ஓரம் இளகித் தரும். ஓரத்திலிருந்து சுற்றிச் சுரண்டி நடுவுக்கு வர வேண்டும். உள்ளே ரொக்கப் பணம் செல்லாது, அட்டை வேண்டும்.

வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் ஒரு நெளிவு சுளிவு உண்டு. இன்னிங்ஸ் மாறும் இடைவேளை இரண்டு நிமிடச் சொச்சம்தான். அப்போது எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து ஓடுவார்கள். 2023-ல் பந்து வீசுபவருக்குக் கடிகாரம் வைத்த பிறகு ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முன்பு 3 மணி நேரத்தைத் தாண்டும். அதனால் ஒரு தடவை வரிசையில் மாட்டினால் ஒரு முழு இன்னிங்ஸ் போய்விடும். எதிரணி மட்டை பிடிக்கத் தொடங்கி ஒருவர் அவுட் ஆனதும் எழுந்து போங்கள். கூட்டம் அப்போதுதான் இருக்கையில் ஒட்டியிருக்கும். இரண்டாவது இன்னிங்ஸுக்குள் முக்கியச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது. மூன்றிலிருந்து ஐந்துவரை கடைகளில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மைதானமே எழுந்து நின்று பாடும். அதை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவர் அவ்வளவு தூரம் வந்ததே வீண்.

மகனுக்கு ஹாட் டாக். இதில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சிகாகோவில் ஹாட் டாக் என்பது ஒரு சட்டம். முதல் விஷயம், அது முழுக்க மாட்டிறைச்சி. ஊரில் எங்கும் பார்க்கும் வியன்னா பீஃப் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. 1893 உலகக் கண்காட்சியில் விற்றுப் பேர் வாங்கிய நிறுவனம். மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு கோழித்துண்டுக்குப் போய்விடுங்கள். பிராட்வர்ஸ்ட், இத்தாலியன் சாசேஜ் என்றால் பெரும்பாலும் பன்றி. போலிஷ் என்றால் மாடும் பன்றியும் கலந்திருக்கலாம். சரி, சாப்பிடுவான் என்றால், முறையான சிகாகோ ஹாட் டாக் இப்படி இருக்கும். மேலே கசகசா தூவிய பன், ஆவியில் இளக்கியது. கொதிக்காத வெந்நீரில் சூடேற்றிய சாசேஜ். அதன் மேல் மஞ்சள் கடுகுச் சாந்து, கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் இனிப்பு ரெலிஷ் (பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய்), பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பக்கம் தக்காளித் துண்டு, மறுபக்கம் நீளவாக்கில் கீறிய ஊறுவெள்ளரி, வினிகரில் ஊறிய சிறிய ஸ்போர்ட் மிளகாய் இரண்டு, கடைசியில் செலரி உப்பு ஒரு சிட்டிகை. ஏழு பொருள். கெட்சப் கிடையாது. கேட்டால் கேலி செய்வார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. இனிப்புக்கு ரெலிஷும் தக்காளியும் இருக்கின்றன, புளிப்புக்கு ஊறுவெள்ளரி, காரத்துக்கு மிளகாய், கரகரப்புக்கு வெங்காயம். இதில் கெட்சப் விழுந்தால் சர்க்கரை மேலோங்கி செலரி உப்பு செத்துப்போகும். சின்னப் பையன் கேட்டால் விட்டுவிடுவார்கள், பெரியவர்களுக்கு மன்னிப்பில்லை.

மைதானத்துக்குள் வாங்கும் ஹாட் டாக்கில் எல்லாக் கவுண்டரிலும் இந்த ஏழும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவசரத்தில் கடுகும் ரெலிஷும் வெங்காயமும் வந்தாலே பெரிது. முழுச் சடங்கோடு வேண்டுமென்றால் மைதானத்திலிருந்து வடக்கே பத்து நிமிடம் நடந்து, மேற்கு 1017 இர்விங் பார்க்கில் பைரன்ஸ் என்ற சிறிய கடைக்குப் போகலாம். அங்கே வெள்ளரி, குடைமிளகாய் என்று தோட்டத்தையே ஏற்றித் தருவார்கள். தெற்கு நோக்கியே எல்லோரும் போவதால் வடக்குப் பக்கத்தில் கூட்டம் குறைவு. உட்கார வசதி எதிர்பார்க்காதீர்கள், நின்றுகொண்டோ நடந்துகொண்டோ சாப்பிடும் இடம். காகிதத்தை முழுவதும் பிரிக்காமல் பாதிக்கு மட்டும் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து கடித்து வர வேண்டும். முழுதாகப் பிரித்தால் தக்காளி சட்டையில்.

டீப் டிஷ் பிட்ஸா சாப்பிட வேண்டும் என்ற ஆசை நிச்சயம் வரும், சிகாகோ வந்தவர்கள் எல்லோருக்கும் வரும். ஆட்டத்துக்கு முன் மட்டும் வேண்டாம். ஆழமான தட்டில் மாவு, சீஸ், மேலே தக்காளி என்று அடுக்கி வேகவைக்கவே 35 முதல் 45 நிமிடம் ஆகும், அதுவும் மேசை கிடைத்த பிறகு. ஆட்டம் முடிந்தபின் பெல்மான்ட் ரயில் நிலையம் அருகே ஜியோர்டானோஸ் கடையில் கீரை வைத்த ஸ்டஃப்டு பிட்ஸா சொல்லுங்கள். இரு மாவு அடுக்குகளுக்கு நடுவே கீரையும் சீஸும், இறைச்சி கிடையாது. கூடவே ஜார்டினியெரா கேளுங்கள்: காலிஃபிளவர், கேரட், செலரி, மிளகாய் எல்லாவற்றையும் எண்ணெயில் ஊறப்போட்டது. சிகாகோக்காரர்களின் ஊறுகாய். வழக்கமாக மாட்டிறைச்சி சாண்ட்விச்சின் மேல் போடுவது, ஆனால் பிட்ஸாவின் மேல் ஒரு கரண்டி போட்டால் காரம் தேடும் நம் நாக்குக்கு உயிர் வரும். காலைச் சாப்பாட்டுக்கு வருவதென்றால் பெல்மான்ட்டிலேயே மேற்கு 909-ல் ஆன் சாதர் என்ற ஸ்வீடிஷ் உணவகம். அதன் இலவங்கப்பட்டை ரோல் ஒருவர் உள்ளங்கை அகலம் இருக்கும், காப்பியோடு அப்பா அம்மாவுக்குச் சரிவரும், முட்டையைப் பொறுத்துக்கொள்வார்கள் என்றால். அங்கிருந்து மைதானத்துக்குப் பதினைந்து நிமிட நடை.

மைதானத்தின் எதிரிலேயே கிளார்க் தெருவில் ஓட்டல் சக்கரி என்று 2018-ல் வந்த கட்டடம் இருக்கிறது. மைதானத்தை வடிவமைத்த சக்கரி டெய்லர் டேவிஸின் பெயர். அதன் கீழ்த்தளத்தில் பிக் ஸ்டார் டாக்கோக்களும், ஸ்மோக் டாடியின் புகைபோட்ட இறைச்சியும். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன், இடத்துக்கான விலையைச் சேர்த்தே தருகிறீர்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் கேலகர் வே என்ற திறந்தவெளி. ஆட்டத்தை ஒட்டிய நேரத்தில் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் ஓடியாட இடமிருப்பதால் குடும்பங்களுக்கு அது நல்ல காத்திருக்கும் இடம்.

இனி உங்கள் பியர். பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். 21 வயது நிரம்பியதற்கு அத்தாட்சி கேட்பார்கள், நரைத்த தலையிடமும் கேட்பார்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு வாசலில் நிற்பவர் தலையசைத்தால் வாதாடிப் பயனில்லை. தெருவில் திறந்த பியரோடு நடப்பது சட்டப்படி குற்றம். பல பார்கள் ஆட்ட நாளில் 21-க்குக் கீழ் யாரையும் விடமாட்டா, சிலவற்றில் நுழைவுக் கட்டணமும் உண்டு. ஆகையால் மகனோடு பாருக்குள் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, அவனைத் தாத்தா பாட்டியோடு கேலகர் வேயில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் அரை மணி நேரம் போய்வருவதுதான் நடைமுறை. பிரதான வாயிலுக்கு நேரெதிர் மூலையில் 1953-லிருந்து இருக்கும் கப்பி பேர். பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், பேச்சுக் கேட்காது. பின்பக்கம் வேவ்லண்டும் ஷெஃபீல்டும் சந்திக்கும் மூலையில் மர்ஃபிஸ் பிளீச்சர்ஸ். அந்த மூலையில் 1930-களிலிருந்தே பெயர் மாறி மாறி ஒரு ரசிகர் கடை இருந்து வருகிறது. வெயிலில் நின்று குடிக்கும் இடம், பிளீச்சர் எனப்படும் திறந்தவெளி பெஞ்சு இருக்கைகளுக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பக்கம். கொஞ்சம் மூச்சுவிட வேண்டுமென்றால் என் தேர்வு வடக்கு 3439 ஷெஃபீல்டில் உள்ள நிசெய் லவுஞ்ச். தெற்கே ஐந்து நிமிடம். நிசெய் என்றால் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியத் தலைமுறை. 1951-ல் தொடங்கிய பார் அது. அலங்காரம் கிடையாது, அதுதான் அதன் அழகு.

என்ன கேட்பது? ஓல்ட் ஸ்டைல். விஸ்கான்சினில் பிறந்த லேசான லாகர், 1950-லிருந்து ரிக்லி ஃபீல்டில் ஓடுகிறது. சிகாகோவின் பழைய மூலைக்கடைகளுக்கு வெளியே தொங்கும் விளக்குப் பலகைகளில் அதன் பெயரைப் பார்ப்பீர்கள். ருசியில் பெரிய விசேஷம் இல்லை, வெயிலுக்குச் சில்லென்று இறங்கும், அவ்வளவே. அதோடு மாலோர்ட் ஒரு ஷாட் சேர்த்தால் ‘சிகாகோ ஹேண்ட்‌ஷேக்’. மாலோர்ட் என்பது மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியில் ஊறவைத்த சாராயம், கார்ல் ஜெப்சன் என்ற ஸ்வீடன்காரர் இந்த ஊரில் விற்றுப் பரப்பியது. அமெரிக்கர்கள் அதைக் குடித்துவிட்டு முகம் கோணுவதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்தவருக்கு அது பெரிய சோதனை இல்லை. ஆனால் கசப்பு நாக்கின் பின்பக்கத்தில் கால்மணி நேரம் தங்கும், பிறகு சாப்பிடுவது எதுவும் ருசிக்காது. சாப்பாட்டை முடித்துவிட்டு முயலுங்கள். மைதானத்துக்குள் ஒரு பியர் 10 டாலரைத் தாண்டும், கடைசி இன்னிங்ஸ்களுக்கு முன்பே விற்பனையை நிறுத்திவிடுவார்கள். பாரில் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ், உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் பில்லில் 18 முதல் 20 விழுக்காடு. வரி பத்து விழுக்காட்டுக்கு மேல் தனி. பட்டியலில் இருக்கும் விலையை ஒன்றே காலால் பெருக்கினால் கொஞ்சம் குறையும், 1.3-ஆல் பெருக்குங்கள்.

எதிர்வீட்டு மொட்டைமாடிகளில் உட்கார்ந்து பார்ப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேவ்லண்ட், ஷெஃபீல்ட் தெருக் கட்டடங்களின் மேல் படிக்கட்டு இருக்கைகள் போட்டு விற்கிறார்கள். சாப்பாடும் பியரும் டிக்கெட்டிலேயே அடக்கம், கழிப்பறை வரிசை கிடையாது, நிழலும் உள்ளறையும் உண்டு. நிறையக் குடித்துச் சாப்பிடும் நண்பர் கூட்டத்துக்குக் கணக்கு சரியாக வரும். உங்கள் குடும்பத்தில் இருவர் இறைச்சி தொடாதவர்கள், ஒருவன் சிறுவன். போடும் காசுக்குத் திரும்ப வராது. தவிர, 2015-ல் உள்ளே பெரிய வீடியோ திரைகள் வந்தபின் சில மாடிகளிலிருந்து ஆட்டம் பாதிதான் தெரிகிறது. வாங்கியிருக்கும் டிக்கெட்டே நல்லது.

மேலே உள்ளவற்றில் தெருக்கணக்கு, தூரம், ஹாட் டாக்கின் ஏழு பொருள், பிட்ஸா வேகும் நேரம் இவை மாறாது. கடைகள் மாறும், ரிக்லிவில் எனப்படும் இந்த மைதானப் பகுதியில் ஒரு சீசனுக்கும் அடுத்ததற்கும் இடையில் கதவடைக்கும் கடைகள் சகஜம், திறக்கும் நேரமும் மாறும். பை அளவும் உணவு விதியும் அணியின் கைக்குள் இருப்பவை. கிளம்புவதற்கு முந்தின இரவு அணியின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சைவக் கடைக்கு ஒரு போனும் போட்டுவிடுங்கள்.

காரில் போகாதீர்கள், நிறுத்த இடமில்லை, இருக்கும் இடத்துக்குச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம் கேட்பார்கள். சிவப்பு வழித்தட ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கினால் மைதானம் ஒரு தெரு தள்ளி. திரும்பும்போது மட்டும் அந்த நிலையத்துக்குப் போக வேண்டாம். கடைசி அவுட் விழுந்த ஐந்தாவது நிமிடத்தில் நடைமேடைக்குப் போகும் படிக்கட்டே நிரம்பிவிடும், உங்கள் அம்மாவால் அந்த நெரிசலில் நிற்க முடியாது. கூட்டத்தை முன்னால் போகவிட்டு, ஷெஃபீல்ட் தெருவின் மரநிழலில் தெற்கே அரை மைல் மெதுவாக நடந்து பெல்மான்ட்டுக்கு வாருங்கள். நான்கு நாலரை மணிக்கு அங்கே மேசை கிடைக்கும், கீரை பிட்ஸாவைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது வேகும் நேரத்தில் பெரியவர்களுக்குக் கால்வலி ஆறும். சாப்பிட்டு எழும்போது அடிசன் நெரிசல் கலைந்திருக்கும். பெல்மான்ட்டில் சிவப்பு, பழுப்பு இரண்டு வழித்தடமும் நிற்பதால் எது முதலில் வருகிறதோ அதில் ஏறிக்கொள்ளுங்கள், இரண்டுமே நகர மையத்துக்குப் போகும்.